படத்தையும் தொடரையும் ஒரே ஓட்டமாகக் கோப்பது: 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' + 'க்ளோன் வார்ஸ்' கடைசி நான்கு எபிசோடுகள்

#1 தறி

எடுத்திருக்கும் வேலை இது. ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' (2005, 140 நிமிடம்) படத்தோடு அதே வரிசையின் அனிமேஷன் தொடரான 'தி க்ளோன் வார்ஸ்' ஏழாம் சீசனின் (2020) கடைசி நான்கு எபிசோடுகளைக் கோத்து ஒரே படமாக ஓடவிட வேண்டும். இரண்டிலும் கதை அதே சில நாட்களில்தான் நடக்கிறது. டைட்டிலையும் எண்ட் கிரெடிட்டையும் கழித்தால் ஏறக்குறைய நாலு மணி நேரம் வரும்.

திட்டம்: எது முதலில் நடக்கிறதோ அது முதலில். டைம்லைன் நொடிக்கு 24 ஃபிரேம், 1080பி. மென்பொருள் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு.

சந்தேகங்கள்:

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை படத்திலிருந்து தொடருக்குத் தாவலாம்? படத்தின் ஆணை 66 (குளோன் வீரர்கள் ஜெடை வீரர்களைக் கொல்லும் உத்தரவு) காட்சித் தொகுப்புக்குள்ளேயே தொடரின் நாயகி அசோகாவின் கப்பலை நுழைக்கலாமா? படத்தில் வசனம் மெதுவாகவும் எபிசோடில் சத்தமாகவும் கேட்கிறது, நார்மலைஸ் (ஒலி அளவைத் தானாகச் சமன்செய்வது) போட்டால் தீருமா? அனிமேஷனையும் நடிகர்கள் வரும் காட்சியையும் நிறத்தில் ஒன்றாக்க வேண்டுமா?

#2 சாம்பல்திரை

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 24-ஐ மாற்றுங்கள்.

ப்ளூ-ரே படமும் இந்த எபிசோடுகளும் 23.976 ஃபிரேம், அதாவது 24000-ஐ 1001-ஆல் வகுத்தது. 24 டைம்லைனில் போட்டால் மென்பொருள் ஆயிரம் ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிக்கும். சுமார் 42 நொடிக்கு ஒரு விக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காட்சியில் தெரியாது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் கண்ணைக் குத்தும். இரட்டிக்காமல் படத்தை மட்டும் வேகமாக்கினால் ஒலி மணிக்கு 3.6 நொடி விலகும். நாலு மணி நேரத்தில் 14 நொடிக்கு மேல். ரிசால்வில் மீடியாவை உள்ளே இழுப்பதற்கு முன்பே ப்ராஜெக்ட் செட்டிங்கில் 23.976 வைத்துவிடுங்கள். ஃபைல் உள்ளே வந்தபின் மாற்ற விடாது.

அடுத்து, எம்கேவி வீடியோ ஃபைலை அப்படியே துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ரீ-என்கோட் (மறுபடி சுருக்குவது) செய்யாமல் வெட்டினால் கீஃபிரேமில், அதாவது முழுப் படமாகச் சேமித்த ஃபிரேமில், மட்டும்தான் வெட்ட முடியும். ப்ளூ-ரேயில் அது சாதாரணமாக ஒரு நொடிக்கு ஒன்று, ஸ்ட்ரீமிங் ஃபைலில் பல நொடிக்கு ஒன்று. நீங்கள் விரும்பும் ஃபிரேமில் கீஃபிரேம் இருக்கப் போவதில்லை. இரண்டு ஃபைலின் என்கோடிங் அமைப்பும் வேறு என்பதால் ஒட்டிய இடத்தில் பல பிளேயர்கள் பச்சைக் கட்டங்களைக் காட்டும்.

ஆகவே எல்லாவற்றையும் ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் (எடிட்டிங்குக்கான, அதிகம் சுருக்காத வடிவங்கள்) ஆக மாற்றி எடிட் செய்யுங்கள். ப்ரோரெஸ் 422 எச்க்யூ 1080பி 23.976-இல் நொடிக்கு சுமார் 176 மெகாபிட். நாலு மணி நேரத்துக்கு 317 ஜிபி. சாதா 422 என்றால் 117 மெகாபிட், 210 ஜிபி. மூலமே 8 பிட் என்பதால் சாதா 422 போதும்.

டிவிடியை மூலமாக வைத்து வேறு படம் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் (PAL) முறை டிவிடி 25 ஃபிரேமில் ஓடும். படம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகமாகி, குரல் சுமார் 0.7 அரைச்சுரம் ஏறியிருக்கும். அதைத் திரும்ப 23.976-க்கு இறக்கும்போது ஒலியையும் சேர்த்து இறக்குங்கள், சுருதியைப் பிடித்து வைக்கும் பட்டனை அமுக்காதீர்கள். என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) டிவிடியில் டெலிசினி, அதாவது 24 ஃபிரேமை 30 ஆக்கும் உத்தி, இருக்கும்: ஐந்து ஃபிரேமில் மூன்று சுத்தம், இரண்டு சீப்பு மாதிரிக் கோடு. பலரும் டீஇண்டர்லேஸ் போட்டுவிட்டு ஏன் திக்கித் திக்கிப் போகிறது என்று கேட்பார்கள். டீஇண்டர்லேஸ் கோட்டை மறைக்கும், ஐந்தாவது ஃபிரேமை எடுக்காது. வேப்பர்சிந்த் மென்பொருளில் ஃபீல்டுகளை (ஃபிரேமின் பாதிகளை) முதலில் பொருத்தி, பிறகு ஐந்துக்கு ஒன்று கழிக்க வேண்டும்.

#3 வெட்டுக்கத்தி

தறி, கால வரிசையை முதல் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பட்டியல் அதிலிருந்து நிறைய மாறும்.

முதல் இணைப்பே உங்களை மடக்கும். முதல் எபிசோடில் யெர்பானா கிரகத்தில் ஜெடை வீரர்கள் அனகினும் ஓபி-வானும் சண்டை போடுகிறார்கள், அசோகா வந்து மண்டலோர் கிரகத்துக்கு உதவி கேட்கிறாள், எதிரித் தளபதி க்ரீவஸ் தலைநகர் கொரஸாண்டைத் தாக்கிய செய்தி வருகிறது, இருவரும் கிளம்புகிறார்கள். படம் தொடங்குவது அதற்கு அடுத்த நொடியில். படத்தின் தொடக்கத்தில் மேலேறும் எழுத்தை எங்கே வைப்பீர்கள்? எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால், சான்சலர் (ஆட்சித் தலைவர் பல்பட்டீன்) கடத்தப்பட்டார் என்று எழுத்தே சொல்லிவிடும். யெர்பானாவில் வரும் செய்தி ஆறிப்போன காபி. நடுவில் வைத்தால் ஓட்டம் அறுந்துவிடும். எழுத்தைத் தூக்கிவிட்டு, அது மறைந்தபின் கேமரா கீழே இறங்கும் இடத்திலிருந்து படத்தைத் தொடங்குவதுதான் வழி. செய்தியை எபிசோடே சொல்லிவிட்டதால் எழுத்து தேவையில்லை.

தாவும் இடைவெளி: முதல் பாதியில் பத்து நிமிடத்துக்குக் குறைவான துண்டு வேண்டாம். அனிமேஷன் முகத்திலிருந்து மனித முகத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கண் பழக அரை நிமிடம் பிடிக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தாவல் என்றால் அந்தப் பழக்கத்திலேயே கவனம் கரைந்துவிடும். ஆணை 66-க்குப் பிறகு வேகம் கூடிவிட்டதால் நாலு நிமிடத் துண்டும் தாங்கும்.

பெரிய ஆபத்து இரண்டாவது எபிசோடில் இருக்கிறது. சிடியஸ் (பல்பட்டீனின் ரகசியப் பெயர்) குறிவைப்பது அனகினைத்தான் என்று வில்லன் மால் அசோகாவிடம் சொல்லிவிடுகிறான். கால வரிசைப்படி வைத்தால் பல்பட்டீன் படத்தில் தன்னை வெளிப்படுத்துவதற்கு முன்னாலேயே இது வந்துவிடும். தவறு என்று சொல்லவில்லை, ஆனால் படத்தின் தன்மை மாறுகிறது. பல்பட்டீன் அனகினிடம் இனிக்க இனிக்கப் பேசும் ஒவ்வொரு காட்சியும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்த வலையாகிவிடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. தெரிந்து செய்யுங்கள், கால அட்டவணை சொன்னதற்காகச் செய்யாதீர்கள்.

மூன்றாவது எபிசோடின் ஆரம்பத்தில் ஜெடைகள் ஹாலோகிராமில் பேசுவது படத்தில் வரும் அதே சபைக் கூட்டம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் ஜெடை மாஸ்டர் மேஸ் விண்டு ஒரே அறையில் இரண்டு குரலில் பேசுவார். படத்தில் சாமுவேல் எல். ஜாக்சன், தொடரில் டெரன்ஸ் கார்சன். அனகினுக்கும் இதே பிரச்சினை உண்டு. நடுவில் படத்தின் உட்டபாவ் கிரகச் சண்டையில் ஒரு துண்டாவது போடுங்கள், காது பழைய குரலை விட்டுவிடும். ஏற்கெனவே படத்தில் கேட்ட தகவலை எபிசோடில் திரும்பச் சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள்.

ஆணை 66: நுழைக்க வேண்டாம். அந்தத் தொகுப்பு முழுவதும் படத்தின் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் ஒரே இசைத் துண்டின் மேல் நடக்கிறது. நடுவில் கப்பலைச் சொருகினால் தொடரின் இசையமைப்பாளர் கெவின் கைனரின் இசை வேறு சுருதியில் வந்து மோதும், திரும்பி வரும்போது பழைய இசை அந்தரத்திலிருந்து தொடங்கும். தொகுப்பை முழுதாக ஓடவிட்டு அப்புறம் கப்பலுக்குப் போங்கள். அசோகாவோடு இருக்கும் குளோன் தளபதி ரெக்ஸின் கை நடுங்குவதும் ஹெல்மெட்டைத் தவறவிடுவதும் வேலை செய்ய வேண்டுமென்றால், எந்தக் குளோனும் தயங்காமல் சுட்டதைப் பார்வையாளர் முன்பே பார்த்திருக்க வேண்டும். நேரம் சில நிமிடம் பின்னால் போவதை யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கடிகாரம் எதுவும் இல்லை.

#4 பின்வரிசை

வெட்டுக்கத்தி சொல்வதற்கு இன்னும் கடுமையான உதாரணம் 'ட்வின் பீக்ஸ்' தொடர். 1992-இல் வந்த 'ஃபயர் வாக் வித் மீ' படம் தொடருக்கு முந்தைய கதை, கொலையுண்ட லாரா பால்மரின் கடைசி நாட்கள். கால வரிசைப்படி அதைத் தொடக்கத்தில் வைத்தால், இரண்டாம் சீசனின் நடுவில்தான் தொடர் சொல்லும் கொலையாளியை முதல் இரண்டு மணி நேரத்திலேயே சொல்லிவிடுவீர்கள். அதற்கப்புறம் பார்க்க மர்மமே இல்லை. அந்தப் படத்தை வெட்டிக் கலக்க ஒரே வழி, கொலையாளி தெரிந்த எபிசோடுக்குப் பின்னால் நினைவோட்டமாக உடைத்துப் போடுவது. அங்கேயும் ஒரு முள்: லாராவின் தோழி டோனாவாகத் தொடரில் லாரா ஃபிளின் பாயில், படத்தில் மொய்ரா கெல்லி. டோனா வரும் துண்டுகளைத் தொடரின் டோனா காட்சிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கூடவே ஒரு கேள்வி. தொடரின் திரை விகிதம் (அகலத்துக்கு உயரம்) 4:3, படத்தினுடையது 1.85. இதை எப்படி ஒன்றாக்குவது?

#5 ஒலித்தடம்

விகிதத்தைச் சாம்பல்திரை பார்த்துக்கொள்வார். ஒலி பற்றி.

நார்மலைஸ் தீர்க்காது, கெடுக்கும். பீக் நார்மலைஸ் உச்ச வெடிச்சத்தத்தைப் பார்த்து முழு ஃபைலையும் நகர்த்தும். வசனம் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. முழு ஃபைலின் சராசரி லவுட்னஸும் அப்படித்தான். தியேட்டருக்குக் கலந்த படத்தில் வசனத்துக்கும் வெடிக்கும் நடுவே இடைவெளி அதிகம், தொலைக்காட்சிக் கலவையில் குறைவு. சராசரியைப் பொருத்தினால் வசனம் பொருந்தாது.

செய்ய வேண்டியது இது. இரண்டு மூலத்திலும் இசையில்லாத சாதாரணப் பேச்சு மட்டும் இருக்கும் ஐந்தாறு இடத்தை, ஒவ்வொன்றும் 20, 30 நொடி, தேர்ந்தெடுத்து எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவிடுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு இலக்கு −23, அமெரிக்காவில் −24. ஸ்ட்ரீமிங்கில் வசனத்தை −27 அருகே வைப்பது வழக்கம். வட்டில் வரும் சினிமாவில் வசனம் −27-இலிருந்து −31 வரை எங்கும் இருக்கும். வித்தியாசம் எத்தனை டெசிபெலோ அதை மட்டும் எபிசோடின் எல்லாச் சானலிலும் சமமாக இறக்குங்கள். படத்தை ஏற்றாதீர்கள், வெடிகள் கிளிப் ஆகும். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம்.

இதற்கு முன்னாலேயே ஒரு குழி உண்டு. ஏசி-3 (டால்பி டிஜிட்டல்) ஒலியை எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் வழியாக வேவ் ஃபைல் ஆக்கும்போது, ஒலி ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் அமைப்பு இயல்பாகவே 1-இல் இருக்கும். டிகோடரில் அதை 0 ஆக்காவிட்டால் வெடிச்சத்தம் அமுங்கிய ஃபைலைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். டிடிஎஸ் எச்டி அல்லது ட்ரூஎச்டி மூலம் இருந்தால் அதையே எடுங்கள்.

இனி வெட்டு. எந்த இடத்தில் வெட்ட முடியும் என்பதைக் காட்சி தீர்மானிப்பதில்லை, இசை தீர்மானிக்கிறது. டைம்லைனில் முதலில் இரண்டு மூலத்துக்கும் இசை வரைபடம் ஒன்று போடுங்கள்: இசை தொடங்கும் ஃபிரேம், முடியும் ஃபிரேம், இசையே இல்லாத இடைவெளி. உங்கள் இணைப்புகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளிகளில்தான் விழும். 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'தில் இசையில்லாத நீண்ட இடம் குறைவு. அதனால் எபிசோடைப் படத்துக்கு ஏற்ப நகர்த்துங்கள், படத்தை நகர்த்தாதீர்கள்.

இசைக்கு நடுவில் வெட்டியே ஆக வேண்டும் என்றால்:

வெளியேறும் காட்சியின் ஒலியை 24 முதல் 36 ஃபிரேம் வரை அடுத்த காட்சியின் அடியில் நீட்டித் தேய்க்கவும். கடைசிச் சுரத்துக்கு ரிவெர்ப் வால் ஒன்று போட்டால் வெட்டியது போலத் தோன்றாது, முடிந்தது போலத் தோன்றும்.

நுழையும் காட்சியின் சூழல் ஒலியை, உதாரணமாகக் கப்பல் எஞ்சினின் முனகல், படம் மாறுவதற்கு 8 முதல் 12 ஃபிரேம் முன்பே தொடங்கவும். படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் மாறினால் ஒட்டு தெரியும்.

48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2002 சாம்பிள். ஃபிரேம் எல்லையில் வெட்டும்போது அலை பூச்சியத்தில் இருக்காது, டிக் என்று கேட்கும். எல்லா ஒலி வெட்டிலும் குறைந்தது 5 மில்லிநொடி கிராஸ்ஃபேட் கட்டாயம்.

#6 தறி

24-ஐ மாற்றி, எழுத்தையும் தூக்கியாகிவிட்டது. அசோகாவுக்கு ஹாலோகிராமில் ஓபி-வான் பேசும் இடத்தில் வசனத்தின் பாதியில் இசை தொடங்குகிறது. அந்த இசை இல்லாமல் வசனம் மட்டும் வேண்டும். 5.1 சரவுண்ட் ஒலியில் சென்டர் (நடு) சானலை மட்டும் வைத்தால் குரல் கிடைக்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வெறுமையாக இருக்கிறது.

#7 ஒலித்தடம்

சென்டரில் பேச்சு இருக்கும், அறை இருக்காது. அறை மற்ற நாலு சானலில் இருந்தது, அதை இசையோடு சேர்த்து அமர்த்திவிட்டீர்கள்.

அதே காட்சியில் யாரும் பேசாத, இசையும் இல்லாத 3, 4 நொடி தேடுங்கள். பெரும்பாலும் காட்சி தொடங்கும் இடத்திலோ ஒருவர் திரும்பிப் பார்க்கும் இடத்திலோ கிடைக்கும். இடது, வலது, பின்புறச் சானல்களை அங்கிருந்து எடுத்து, 12 ஃபிரேம் கிராஸ்ஃபேடோடு அடுக்கி நீட்டுங்கள். அடுக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றை ரிவர்ஸில் போட்டால் திரும்பத் திரும்ப வரும் துடிப்பு தெரியாது. அந்தப் படுகையின் மேல் சென்டர் குரலை வையுங்கள்.

சென்டரிலும் இசை லேசாக ஒழுகியிருக்கும், குறிப்பாகப் பித்தளை வாத்தியம். டெமக்ஸ் மாதிரி குரல் பிரிக்கும் மென்பொருளை ஸ்டீரியோவில் ஓட்டாமல் சென்டர் சானலில் மட்டும் ஓட்டுங்கள். பிரிக்க வேண்டியது குறைவு என்பதால் குரலில் உலோகத் தன்மை வராது. அப்படியும் ச, ஷ ஒலிகள் மழுங்கினால் பிரித்ததையும் பிரிக்காததையும் கலந்து, இசை கேட்கத் தொடங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். புதிய இசையோ சத்தமோ மேலே வருமென்றால் அந்த ஒழுகலைத் துடைக்கவே தேவையில்லை, மூடிக்கொள்ளும்.

#8 சாம்பல்திரை

பின்வரிசையின் விகிதக் கேள்விக்கு.

தறிக்கு இந்தத் தலைவலி இல்லை. படமும் தொடரும் அகலத் திரைதான், மேலும் கீழும் கறுப்புப் பட்டை சில பிக்சல் வித்தியாசப்படும். இரண்டையும் 1920×804-க்கு வெட்டிப் பட்டையைப் புதிதாகப் போட்டால் முடிந்தது, மேலே 138, கீழே 138. வெட்டும் எண் இரட்டையாக இருக்கட்டும். 4:2:0-இல் (நிறத்தைப் பாதி அளவில் சேமிக்கும் முறை) ஒற்றை எண் வைத்தால் நிறம் ஒரு வரி நகரும்.

4:3 விஷயம் வேறு. 1080 உயரத்தில் 4:3 படம் 1440 அகலம், இரு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு. அதை 1.85 ஆக்க வேண்டுமென்றால் உயரத்தில் 28 சதவீதம் போகும். தலையின் உச்சி, கையில் வைத்திருக்கும் பொருள், இரண்டும் அங்கேதான் இருக்கும். ஷாட் ஷாட்டாக மேலே கீழே நகர்த்தி வைத்தால் பார்க்கும்படி வரும். ஒரு 45 நிமிட எபிசோடில் பல நூறு ஷாட். உட்கார்ந்து செய்தால் முடியும்.

#9 வெட்டுக்கத்தி

செய்யக் கூடாது என்பேன். 4:3-க்காக நிறுத்திய கேமராவை 1.85-க்கு வெட்டினால் எல்லா மிட் ஷாட்டும் குளோஸப் ஆகிவிடும். இயக்குநர் குளோஸப்புக்குப் போகும்போது போக இடமே இருக்காது. விகிதம் மாறட்டும். பட்டை மாறுவதைப் பார்வையாளர் முதல் இரண்டு முறை கவனிப்பார், பிறகு மறந்துவிடுவார். மாற்றம் நடக்கும் இடத்தில் அரை நொடி முழுக் கறுப்பு வையுங்கள், பட்டை குதிப்பது தெரியாது.

#10 சாம்பல்திரை

பத்துத் தாவல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நாற்பது தாவல் இருந்தால் நாற்பது முறை கறுப்பு, அது விளம்பர இடைவேளை மாதிரி ஆகிவிடும். நடுவழி: 4:3-ஐ 1.66 வரை மட்டும் வெட்டுங்கள், உயரத்தில் 20 சதவீதம்தான் போகும். படத்தை அப்படியே விடுங்கள். 1.66-க்கும் 1.85-க்கும் உள்ள குதிப்பு சின்னது.

#11 வெட்டுக்கத்தி

20 சதவீதம் சின்னது இல்லை. சரி, அவரவர் கண்.

#12 தறி

நிறம்?

#13 சாம்பல்திரை

ஒன்றாக்க முயலாதீர்கள். இந்தப் படம் ஃபிலிமில் எடுத்ததில்லை, டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. அதனால் கிரெய்ன் கிடையாது, அனிமேஷன் பக்கத்தில் வைத்தால் ஏற்கெனவே ஓரளவு ஒத்துப்போகும். கறுப்பின் ஆழத்தை மட்டும் ஸ்கோப்பில் (வெளிச்சத்தை அளந்து காட்டும் வரைபடம்) பார்த்துச் சமமாக்குங்கள். இணைப்பின் இரு பக்கமும் வெளிச்சம் பெரிதாகக் குதித்தால் மட்டும் அந்த ஷாட்டைத் தொடுங்கள்.

கறுப்பு சாம்பலாகவோ நிழல் எல்லாம் அடைத்துப்போயோ தெரிந்தால் அது கிரேடிங் விஷயம் இல்லை. ஒரு ஃபைலின் வெளிச்ச வரம்பை 16–235 என்றும் இன்னொன்றினுடையதை 0–255 என்றும் மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. கிளிப்பின் பண்புகளில் போய் மாற்றுங்கள்.

4கே எச்டிஆர் வட்டிலிருந்து படத்தை எடுக்கலாமா என்று கேட்கப் போகிறீர்கள். வேண்டாம். எபிசோடு எஸ்டிஆர், அதாவது சாதாரண வெளிச்ச வீச்சு. எச்டிஆரை அந்த அளவுக்கு இறக்குவதற்குச் செலவாகும் நேரத்துக்கு ப்ளூ-ரே போதும்.

#14 நூலிழை

இதே ரகத்தில் 'ஃபயர்ஃப்ளை' விண்வெளித் தொடரின் (2002) வாலாக 'செரினிட்டி' படத்தை (2005, 119 நிமிடம்) மூன்று எபிசோடுகளாகப் பிரிப்பது எப்படி? படத்தில் இடைவேளையே இல்லையே.

#15 வெட்டுக்கத்தி

இருக்கிறது. மதுக்கூடத்தில் ரிவர் என்ற பெண் எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டு, அவள் அண்ணன் சைமன் சொல்லும் சொல்லைக் கேட்டுத் தூங்கி விழும் இடம் முதல் எபிசோடின் முடிவு. அவர்களின் புகலிடமான ஹேவன் அழிந்தபின் ரீவர்கள் என்ற கொடூரர்களின் எல்லை வழியாக மிராண்டா கிரகத்துக்குப் போவதென்று முடிவெடுப்பது இரண்டாவதன் முடிவு. மூன்றாவது தானாக முடியும். நீளம் சமமாக இருக்காது, இருக்கத் தேவையும் இல்லை.

உண்மையான சிக்கல் ஆரம்பத்தில். தொடரின் முதல் கதையில், பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆட்கள்தான் ரிவரை அடைத்துவைத்த இடத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததாகச் சைமன் சொல்கிறான். படத்தில் அவனே உள்ளே போய் மீட்கிறான். முரண்பாட்டை ஒழிக்க அந்த மீட்புக் காட்சியைத் தூக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது ஒரு பதிவு, அதை வில்லன் ஆப்பரேட்டிவ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அவனுடைய அறிமுகமே. தூக்கினால் வில்லன் எங்கிருந்தோ வந்து நிற்பான். தொடரின் அந்த இரண்டு வரி வசனத்தை வெட்டுவது எளிது.

சினிமாவாக வரும்போது புதிய பார்வையாளருக்காக எல்லோரையும் மறுபடி அறிமுகம் செய்வார்கள். இந்தப் படத்தில் கேமரா கப்பல் முழுக்க நடந்து அதைச் செய்கிறது. நீளமான ஒரே ஷாட், நடுவில் வெட்டினால் தெரியும். முழுதாக விடுங்கள்.

#16 பின்வரிசை

'எக்ஸ்-ஃபைல்ஸ்' முதல் படம் (1998) ஐந்தாம், ஆறாம் சீசன்களுக்கு நடுவில் உட்காருகிறது. அதை ஊடுபாவாகப் பின்னவே வேண்டாம், பாளமாக வைத்தால் போதும். அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தை மட்டும் வெட்ட வேண்டும்.

வெட்டிய முன்கதைச் சுருக்கங்களை அழித்துவிடாதீர்கள், பொதுவாகச் சொல்கிறேன். எபிசோடில் இல்லாத கோணமோ இசையில்லாத ஒரு வரி வசனமோ சிலவற்றில் கிடைக்கும், ஓட்டை அடைக்க உதவும்.

#17 சாம்பல்திரை

எபிசோடுகளில் விளம்பரத்துக்காகக் கறுப்பாகத் தேயும் இடங்கள் இருந்தால், தேய்வு தொடங்குவதற்கு முந்தைய ஃபிரேமில் வெட்டுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, வேவ்ஃபார்மில் வெளிச்சம் இறங்கத் தொடங்கும் ஃபிரேம் தெரியும். கடைசி வசனம் தேய்வுக்குள் விழுந்துவிட்டால் கெயினை எதிர்த்திசையில் ஏற்றித் தேய்வை அவிழ்க்கலாம்; முதல் 8, 10 ஃபிரேம் வரை சரியாக வரும், அதற்கப்புறம் 8 பிட் மூலத்தில் பட்டை பட்டையாக உடையும்.

ரெண்டர்: ப்ரோரெஸ் மாஸ்டர் ஒன்று எடுத்து, எக்ஸ்264 என்கோடரில் சிஆர்எஃப் (தர எண், குறைந்தால் தரம் கூடும்) 16 அல்லது 17, ஸ்லோ பிரீசெட். அனிமேஷன் ட்யூன் போடாதீர்கள், அது தட்டையான வரைகலைக் கார்ட்டூனுக்கு. இந்தத் தொடர் முப்பரிமாணம், நிழலும் புகையும் நிறைய. ஏக்யூ மோட் 3 வைத்தால் இருட்டுக் காட்சிகளுக்கு அதிக பிட் போகும், மண்டலோரின் சுரங்கங்களில் பட்டை விழாது. டிவி ஏற்றுக்கொள்ளும் என்றால் எக்ஸ்265 10 பிட் இன்னும் நல்லது.

சப்டைட்டில்: இரண்டு மூலத்தின் எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைலையும் டைம்லைனில் கிளிப்போடு சேர்த்தே வைத்து வெட்டுங்கள். முடிந்தபின் தனியாக நேரம் மாற்றலாம் என்று விட்டால், இருபது இணைப்புக்கு இருபது விலகல் எண் கணக்கிட வேண்டியிருக்கும்.

பகிர்வது பற்றி: வட்டின் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழு ஃபைலைத் தூக்கிப் போடாமல் வெட்டுப் பட்டியலை மட்டும், எந்த வட்டில் எந்த டைம்கோடிலிருந்து எதுவரை என்று இடிஎல் ஆகக் கொடுத்தால், மூல வட்டு வைத்திருப்பவர் தானே கட்டிக்கொள்வார். விற்பது என்ற பேச்சே கூடாது.

#18 தறி

திருத்திய வரிசை:

யெர்பானா. கொரஸாண்டுக்கு மேலே நடக்கும் சண்டை, டூக்குவின் மரணம், கப்பல் விழுவது வரை. மண்டலோர் முற்றுகை, மால் முன்னால் வந்து நிற்பது வரை. படத்தில் அனகினின் மனைவி பத்மே, கனவு, சபையில் இடம் கிடைத்தும் மாஸ்டர் பதவி கிடைக்காதது. ஓபி-வானின் ஹாலோகிராம், மால் சொல்வது, இருவரின் சண்டை, மால் பிடிபடுவது. படத்தில் உட்டபாவ். எபிசோடின் ஹாலோகிராம் கூட்டம். சான்சலர் அறை, ஆணை 66 முழுத் தொகுப்பு. கப்பலில் ரெக்ஸ். பிறகு நாலைந்து நிமிடத் துண்டுகளாக படத்தின் முஸ்தஃபார் சண்டையும் அசோகாவின் கப்பல் விழுவதும். கல்லறைகள். முகமூடி, குழந்தைகள், இரட்டைச் சூரியன். கடைசியில் பனியில் வேடர்.

#19 வெட்டுக்கத்தி

ஒன்று கவனியுங்கள். மூன்றாவது எபிசோடில் ரெக்ஸுக்கு ஆணை வருவதற்குச் சற்று முன், சான்சலர் அறையில் நடந்த பேச்சு அசோகாவுக்குக் கேட்கிறது. உங்கள் வரிசையில் பார்வையாளர் அதே பேச்சைப் படத்தில் கேட்டு, தொகுப்பு முழுவதையும் பார்த்தபின் இது வருகிறது. எதிரொலியாக நிற்கும், நல்லது. தொகுப்பைச் சுருக்கும் எண்ணம் இருந்தால் விடுங்கள். சுருக்கினால் ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டது போலாகிவிடும்.

கப்பல் விழுவதை முஸ்தஃபார் சண்டையோடு பின்னும்போது இரண்டு பக்கமும் இசை உச்சத்தில் இருக்கும். அங்கே மட்டும் மூன்று தாவலுக்கு மேல் வேண்டாம்.

#20 ஒலித்தடம்

கடைசி இணைப்பு. இரட்டைச் சூரியனின் இசை நேராக எண்ட் கிரெடிட்டின் எக்காளத்துக்குள் போய் இடிக்கும். எக்காளத்தின் முதல் அடிக்கு முந்தைய நீண்ட சுரத்திலேயே வெளியேற வேண்டும். அந்தச் சுரத்தின் கடைசி 20 ஃபிரேமை எடுத்து ரிவெர்ப் போட்டு 4 நொடிக்கு நீட்டித் தேய்த்துவிடுங்கள். படம் கறுப்பாகும்போதே பனிக்காட்சியின் சூழல் ஒலியை அடியில் 2 நொடி முன்னதாகத் தொடங்குங்கள், 10 டெசிபெல் குறைவாக. படம் திறக்கும் ஃபிரேமில் அதன் இயல்பு அளவுக்கு வந்திருக்க வேண்டும்.

இதை ஹெட்ஃபோனில் சரிபார்க்காதீர்கள், ரிவெர்ப் வால் அதில் எப்போதும் அழகாகத்தான் கேட்கும். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ரெண்டர் செய்து, டிவியில், எட்டடி தள்ளி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.